தாயே சேயாகும் உயிர்கள்

விழா மலர் ஒன்றிலே தலைமுறைகளைப் பற்றிய பேச்சு மிகுந்திருத்தல் இயல்பு. தந்தையார் பயின்ற வகுப்பறையில் மைந்தர் பயின்றார். மைந்தர் அமர்ந்த வாங்கிலே இன்று பேரர் அமர்ந்திருக்கின்றார் என்று பழைய மாணவர் கூடிப் பேசி மகிழ்வர். நாமும் ஈண்டுத் தலைமுறைகளைப் பற்றியே எழுதப் புகுந்தோம். ஆயினும் நாம் எடுத்துக்கொண்ட தலைமுறை மனிதருடையதன்று. தந்தை என்ற ஒருவர் இல்லாத, தாய் எது சேய் எது என்று பிரித்தறியவும் பல வேளைகளில் இயலாத சிற்றுயிர்களின் தலைமுறை அது.

இவ்வாராய்ச்சியைத் தொடங்குதற்கு ஆய்வுகூடம் எதற்கும் நாம் செல்லவேண்டியதில்லை. அம்பாறைக் கரையோரத்தில் திருக்கோவிலை அடுத்துள்ள வினாயகபுரத்தில், மாலை வேளையில் அடுக்களை ஒன்றினுள் நுழைந்தாற் போதும். காய்ச்சி இறக்கிய பால் இளஞ்சூட்டுக்கு ஆறியிருக்கின்றது. வீட்டுத் தலைவி அதனை மட்சட்டியில் ஊற்றி, நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து அதனுட் கலந்து மூடிவைக்கின்றார். விடியும்போது சட்டி நிறையத் தயிர் கட்டியாக உறைந்து நிற்கின்றது. தம் வீட்டில் உறை தீர்ந்துபோயிருந்தால், அயல் வீட்டிற் சென்று ஒரு கரண்டி வாங்கி வருவார். அயல் வீட்டுக்கு அந்த உறை அக்கரைப்பற்றிலிருந்தோ கல்முனையிலிருந்தோ வந்த சட்டியொன்றிலிருந்து கிடைத்திருத்தலும் கூடும். தமிழர் வீடு, முஸ்லிம்கள் வீடு என்ற வேறுபாடு உறைக்குத் தெரியாது.

இனி ஒரு கேள்வி. இன்றைய தயிருக்கு உறையாயிற்று நேற்றைய தயிர், நேற்றையதற்கு முந்தாநாளையது. இவ்வாறே பின்னோக்கிச் சென்றால் இத்தயிரின் வயது யாது? பாட்டியாரின் பாட்டியார் காலத்துச் சட்டியில் இருந்த உயிர்களுக்கும் இன்றைய சட்டியில் இருக்கும் உயிர்களுக்கும் உள்ள உறவு யாது? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். விடையைக் கண்டபின், நம் நாட்டின் கோப்பித் தோட்டங்கள் அழிந்ததற்கும், குளங்கள் களையால் மூடப்பட்டதற்கும், மலேரியா பல்லாயிரவரைக் கொன்றதற்கும் அதே விடையில் காரணம் உண்டு என்பது புலப்படும்.

உயிர்கள் இனம் பெருக்கும் முறை இரண்டு. ஆண் கலம் ஒன்றும் பெண் கலம் ஒன்றும் சேர்ந்து புதிய உயிர் உண்டாவது ஒருமுறை. இதனை இலிங்கமுறை இனப்பெருக்கம் என்பர். இவ்வாறு பிறக்கும் பிள்ளை தாயிடமிருந்து பாதியும் தந்தையிடமிருந்து பாதியுமாகப் பரம்பரைப் பொருளைப் பெறுகின்றது. ஆதலால் அது தாயையும் முழுமையாக ஒவ்வாது, தந்தையையும் முழுமையாக ஒவ்வாது. ஒரு வயிற்றிற் பிறந்த இருவரும் தம்முள் வேறுபடுவர். மற்றைய முறையில் துணை என்பதே வேண்டாம். ஓருயிர் தன் உடல் முழுவதையுமோ அதன் ஒரு பகுதியையோ புதிய உயிராக்கிவிடுகின்றது. இது இலிங்கமில்முறை இனப்பெருக்கம் எனப்படும். இம்முறையிற் பிறக்கும் சேய் தாயின் படியே ஆகும். முதல் முறை விரைவிற் குறைந்தது, வேற்றுமையில் மிகுந்தது. இரண்டாவது முறை விரைவில் மிகுந்தது, வேற்றுமையிற் குறைந்தது. இனி நாம் கூறப்போவன அனைத்துக்கும் இவ்வொரு வேறுபாடே அடிப்படை என்க.

மேற்கூறிய சட்டியினுள் இருப்பவை பற்றீரியா என்னும் ஒற்றைக்கல உயிர்கள். ஒல்லாந்து நாட்டு டெல்ப் நகரிலே துணி வாணிகம் செய்த இலீவன்கூக் என்பவர், தாமே தேய்த்துச் செய்த வில்லைகளின் துணைகொண்டு 1676ஆம் ஆண்டில் இத்தகைய நுண்ணுயிர்களைக் கண்டு எழுதினார். இவை பெருகும் முறை மிக எளிது. கலம் உணவை உட்கொண்டு நீள்கின்றது. அதனுள்ளிருக்கும் பரம்பரைப் பொருள் தன்னைப்போல் இன்னொரு படியை ஆக்கிக்கொள்கின்றது. இருபடிகளும் இரு புறத்துக்கு விலக, நடுவே ஒரு சுவர் எழுகின்றது. ஒன்று இரண்டாகிவிட்டது. இதற்கு இருகூற்றுப் பிளவு என்று பெயர். குட்டை நீரில் வாழும் அமீபாவும் இவ்வாறே பிளவுபடும். அதற்குக் கரு என்னும் தனி உறுப்பு உண்டாதலால் முதலிற் கருவும் பின்னர் உடலும் இரண்டாகின்றன.

இங்கே ஒரு விந்தையை நோக்குதல் வேண்டும். பிளந்த இரண்டில் தாய் எது, சேய் எது? இரண்டும் சேயே, தாய் இறக்கவில்லை, ஆயினும் தாய் என்று சுட்ட ஒன்றும் எஞ்சவில்லை. தாயின் உடல் முழுவதும் சேய்களின் உடலாகிவிட்டது. பிணம் விழாத இறப்பு என்று இதனைச் சொல்லலாம். இறப்பே இல்லாத பிறப்பு என்றும் சொல்லலாம். நாம் முன்னர்க் கேட்ட கேள்விக்கு இதுவே விடை. உறை இடையிற் கெட்டுப் புதிது வாங்கப்படாதவிடத்து, இன்றைய சட்டியிலுள்ளவை பாட்டியார் சட்டியிலிருந்தவற்றின் வழித்தோன்றல்கள் என்று மட்டும் சொல்வது போதாது. இடையறாது பிளந்து வந்த அதே உயிரோட்டத்தின் இன்றைய நிலையே அவை.

இவ்வாறு பெருகுவதன் விரைவை ஒரு சிறு கணக்கால் அறியலாம். மனிதர் குடலில் வாழும் பற்றீரியா வகையொன்று, தக்க சூடும் உணவும் கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிளவுபடவல்லது. மணிக்கு மூன்று பிளவு. எட்டு மணி நேரத்தில் 24 பிளவு. இரவு படுக்கைக்குச் செல்லும்போது ஒன்றாயிருந்தது விடியுமுன் ஒரு கோடியே அறுபத்தேழு இலட்சத்துக்கு மேலாகிவிடும். சதுரங்கக் கட்டங்களில் நெல் வைத்த பழங்கதையை அறிந்தோர் இக்கணக்கின் இயல்பை உணர்வர். தயிர்ப் பற்றீரியா இத்துணை விரைவாகப் பெருகுவனவல்ல. எனினும் ஒரு கரண்டி உறையில் அவை தொடக்கத்திலேயே கோடிக்கணக்கில் இருப்பதால் ஓர் இரவு அவற்றுக்குப் போதுமானது. சூடு மிகுந்த பாலில் உறையிட்டால் அவை மாய்ந்துபோகும். நன்றாகக் குளிர்ந்த பாலில் இட்டால் பெருகாது சோம்பிக் கிடக்கும். விரலைத் தோய்த்துச் சூடு பார்க்கும் நம் பெண்மக்களின் வழக்கம் உயிரியலோடு முற்றும் பொருந்துவதாகும்.

அவ்வாறாயின் அவை உலகம் முழுவதையும் நிரப்பாதது ஏன்? அவற்றின் பெருக்கமே அவற்றுக்கு எல்லை வகுக்கின்றது. பாலிலுள்ள வெல்லத்தை உண்டு அவை இலற்றிக்கமிலத்தை வெளிவிடுகின்றன. புளிப்பு ஏற ஏறப் பாலின் புரதம் ஒன்றோடொன்று ஒட்டி உறைந்து தயிராகின்றது. அதே புளிப்பு ஓரளவைக் கடந்ததும் அப்பற்றீரியாவின் வளர்ச்சியையும் தடுத்துவிடுகின்றது. பாலைக் கெடுக்கும் வேறு பல நுண்ணுயிர்களும் அப்புளிப்பில் வாழமாட்டா. பாலைவிடத் தயிர் நீண்டநேரம் கெடாதிருத்தலின் காரணம் இதுவே.

தயிர்ச் சட்டியை விட்டு அப்பச் சட்டிக்குச் செல்வோம். அரிசிமாவைக் கரைத்துச் சிறிது தென்னங்கள் சேர்த்து இரவில் வைத்தால், காலையில் மா பொங்கி நுரைத்திருக்கும். இங்கே தொழில் புரிவது மதுவம் என்னும் ஒற்றைக்கலப் பங்கசு. மாவிலுள்ள வெல்லத்தை அது சிதைக்கும்போது காபனீரொட்சைட்டு வாயு தோன்றுகின்றது. அப்பத்திற் காணும் கண்கள் அவ்வாயுக் குமிழிகள் விட்டுச்சென்ற சுவடுகளே. மதுவம் பெருகும் முறை பற்றீரியாவினதைப் போன்றதன்று. அதன் உடலின் ஓரிடத்தில் சிறு மொட்டு ஒன்று புடைக்கின்றது. தாயின் கரு பிரிந்து ஒருபகுதி மொட்டினுட் செல்கின்றது. மொட்டு வளர்ந்து, கழுத்துச் சுருங்கி, இறுதியில் தனியே கழன்றுவிடுகின்றது. இது அரும்புதல் எனப்படும். உயிரற்ற இரசாயனப் பொருளென்றே நெடுங்காலம் கருதப்பட்ட மதுவம் இவ்வாறு அரும்புவதை 1837ஆம் ஆண்டளவில் ஐரோப்பிய அறிஞர் நுணுக்குக்காட்டியிற் கண்டபின்னரே, அஃது உயிருள்ளது என்னும் உண்மை மெல்ல மெல்ல நிலைபெறலாயிற்று.

அரும்புதலில் தாயும் சேயும் பிரித்தறியப்படும். சேய் கழன்ற இடத்தில் தாயின் உடலில் ஒரு தழும்பு நிலைத்துவிடும். ஒவ்வொரு மகவுக்கும் ஒரு தழும்பு. ஏறத்தாழ இருபது முப்பது மக்களைப் பெற்றபின் அத்தாய் ஓய்ந்து மடிகின்றது. சேயோ புத்துயிராகத் தொடங்குகின்றது. பற்றீரியாவிற் காணாத மூப்பை இங்கே நாம் காண்கின்றோம். தாய் என்று ஒன்று தனித்து நிற்கத் தொடங்கியதும் மூப்பும் உடன் வந்தது போலும்.

ஒற்றைக்கல உயிர்கட்கு மாத்திரமே இவ்வாற்றல் உண்டென்று எண்ணுதல் தவறு. நன்னீரில் நூல்போல அசையும் ஐதரா என்னும் சிற்றுயிரும் அரும்பிப் பெருகும். ஒல்லாந்திலே பிரபு ஒருவரின் மைந்தர்க்கு ஆசிரியராயிருந்த ஆபிரகாம் திரெம்பிளே என்பவர் 1740ஆம் ஆண்டில் ஐதராவை இரண்டாக வெட்டிப் பார்த்தார். இரு துண்டும் இரண்டு முழு ஐதராவாயின. வெட்டுண்டால் மடிவதே உயிர்களின் இயல்பென்று கருதியிருந்த அறிவுலகம் இதனைக் கேட்டுத் திகைத்தது. உடல் துண்டுபட்டு ஒவ்வொரு துண்டும் முழு உயிராவதாகிய இம்முறை, ஆய்வாளர் மேசையிலே வியப்பாக நிற்கின்றது. அதுவே நம் குளத்திலும் வயலிலும் நிகழும்போது எவ்வாறாகும் என்பதை இந்நாடு பட்டறிந்துள்ளது.

சல்வீனியா என்னும் நீர்ப்பன்னத்தை அறியாத கமக்காரர் நம்மிடையே அரியர். தென்னமெரிக்காவிலுள்ள பிரேசிலின் தென்கிழக்குப் பகுதிக்கு உரிய இச்செடி, 1939ஆம் ஆண்டில் தாவரவியற் கல்வியின் பொருட்டுக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டது. அங்கிருந்து தப்பி நீர்நிலைகளை அடைந்து, தீவின் பல பாகங்களிலும் குளம், வாய்க்கால், வயல் எங்கும் பரவிற்று. இச்செடியிற் குறித்துக் கொள்ளத்தக்கது யாதெனின், அது மலடு என்பதே. அதன் நிறமூர்த்தங்கள் ஒழுங்காக இணைசேரமாட்டாதவை. ஆதலின் வித்திப்பைகள் தோன்றினும் அவற்றால் பயன் இல்லை. ஆணுமின்றிப் பெண்ணுமின்றி, தண்டு முறிந்து முறிந்தே அது பரவுகின்றது. கமக்காரர் அதனை வாரிக் கரையிற் போடும்போது நீரில் நழுவி விழுந்த ஒரு துண்டு போதும். தக்க நிலையில் ஒருசில நாள்களில் அது இரட்டிக்கும். நீர்ப்பரப்பை மூடி, வெயிலை மறைத்து, கீழே ஒட்சிசன் குறைய மீன்களையும் வருத்தும். அழிக்க முயன்று வெட்டியவர் தம்மையறியாமலே அதனை நட்டவராயினர்.

எனினும் இத்துணை வலிமையின் உள்ளே ஒரு பெருங்குறை ஒளிந்திருந்தது. நாட்டிலிருந்த கோடானுகோடிச் சல்வீனியாச் செடிகளும் உண்மையில் ஒரே செடியின் துண்டுகள். ஒன்றை வெல்லும் படை எல்லாவற்றையும் வெல்லும். அப்படையைத் தேடியவர் முதலில் வழிதவறினர். அச்செடியை வேறொரு சல்வீனியா இனமெனத் தவறாகக் கருதி, அவ்வினத்தை உண்ணும் பூச்சிகளை நாடியமையால் முயற்சி பலிக்கவில்லை. 1972ஆம் ஆண்டில் அது தனி இனமென வகுத்துரைக்கப்பட்டது; பின்னர் அதன் சொந்த நிலம் பிரேசிலிற் கண்டுபிடிக்கப்பட்டது; அங்கே அதனையே உண்டு வாழும் சிறு கூன்வண்டு ஒன்றும் கிடைத்தது. 1980ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவில் மூண்டரா ஏரியில் விடப்பட்ட அவ்வண்டு, ஓராண்டு சிறிது கடப்பதற்குள் ஏரியை மூடியிருந்த களையை அழித்தது. 1986ஆம் ஆண்டில் இலங்கையிலும் அது விடப்பட்டுப் பல நீர்நிலைகளில் நற்பயன் தந்தது. ஆளும் கத்தியும் நஞ்சும் செய்யமாட்டாததை நெல்மணியினும் சிறிய வண்டு செய்தது. செடிகள் தம்முள் வேறுபட்டிருப்பின் வண்டுக்குத் தப்பும் ஒருசிலவேனும் இருந்திருக்கக்கூடும். வேற்றுமை இல்லாமையே அதன் வீழ்ச்சிக்கு வழியாயிற்று.

துண்டுபடலைக் காட்டிலும் நெடுந்தூரம் செல்லவல்ல முறையொன்று பங்கசுகளிடம் உண்டு. அவை வித்தி என்னும் தூள்போன்ற கலங்களைத் துணையின்றியே எண்ணிறந்தனவாகத் தோற்றுவிக்கும். காற்று அவற்றைக் காவிச் செல்லும். பழைய பாண் துண்டிற் படரும் கரும்பூசணமும் அவ்வாறு வந்து விழுந்ததே. இவ்வித்திகளுள் ஒருவகை நம் நாட்டின் பொருளாதாரத்தையே புரட்டிவிட்டது.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் மலைநாடு கோப்பி நாடாயிருந்தது. 1869ஆம் ஆண்டில் மடூல்சீமைப் பகுதியிலே கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சட் பொடி படிந்த புள்ளிகள் காணப்பட்டன. பேராதனைப் பூந்தோட்டத்தின் தலைவராயிருந்த துவைற்சு அவ்விலைகளை இங்கிலாந்திலே பங்கசு ஆராய்ச்சியில் வல்லவரான பேர்க்கிலி என்பவர்க்கு அனுப்பினார். பேர்க்கிலி அதற்கு எமிலேயா வசுத்தாத்திரிக்சு எனப் பெயரிட்டார். ஒருபுறம் வழுவழுப்பும் மறுபுறம் முள்ளும் உடைய வித்தியின் வடிவத்தை முதற்சொல் குறிக்கின்றது. பாழாக்குவது என்பது இரண்டாஞ் சொல்லின் பொருள். பெயரிட்டவர் வாக்குப் பலித்தது.

1880ஆம் ஆண்டில் இந்நோயை ஆராய இளைஞரான மார்சல் உவாட் என்பவர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். இரண்டாண்டு உழைத்து அவர் கண்டவை இன்றும் பாடநூல்களில் நிலைபெற்றுள்ளன. காற்றில் வரும் வித்தி, இலையின்மேல் நீர்த்துளி நிற்கும்போது முளைக்கின்றது. முளையிழை இலைவாய் வழியே உட்புகுகின்றது. சில வாரங்களில் அவ்விலையின் அடிப்புறத்தில் புதிய பொடி வெடித்தெழுகின்றது. அப்பொடியின் ஒவ்வொரு துகளும் மீண்டும் ஒரு வித்தி. இத்தொடரில் எவ்விடத்தும் ஆண் பெண் சேர்க்கை இல்லை. ஆதலின் தாமதமும் இல்லை. ஆயினும் பழி முழுவதும் பங்கசைச் சார்ந்ததன்று என்பதை உவாட் உணர்ந்தார். இடையே காடு எதுவுமின்றி மலைக்கு மலை கோப்பியையே தொடர்ந்து நட்டமையால், எத்திசையிற் காற்று வீசினும் வித்திக்கு ஓர் இலை காத்திருந்தது. மாற்றமின்றிப் பெருகும் பங்கசுக்கு மாற்றமின்றி விரிந்த தோட்டம் விருந்தாயிற்று.

1890ஆம் ஆண்டளவில் கோப்பித் தொழில் வீழ்ந்தொழிந்தது. 1867ஆம் ஆண்டில் யேம்சு தெயிலர் இலூல்கந்துரையில் 19 ஏக்கரிற் பயிரிட்ட தேயிலையே அதனிடத்தைப் பிடித்தது. இதன் விளைவு தோட்டத் துரைமாரோடு நின்றுவிடவில்லை. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில் மாத்திரமே பெருந்தொகை ஆட்கள் வேண்டும். தமிழகத்திலிருந்து வந்தவருட் பலர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டும். வந்தவர் குடும்பமாக லயங்களிலே தங்கலாயினர். மலையகத் தமிழ் மக்கள் இந்நாட்டில் நிலைகொண்ட வரலாற்றிலே, கண்ணுக்குப் புலனாகாத ஒரு வித்திக்கும் பங்கு உண்டென்பதை நம் மாணவர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இறுதியாக, இருமுறையையும் கையாளும் ஒரு பகைவனைக் காண்போம். மலேரியாவை உண்டுபண்ணும் பிளாசுமோடியம் என்னும் ஒற்றைக்கல ஒட்டுண்ணி நுளம்பின் கடிவழியே நம் உடலிற் புகுகின்றது. முதலில் ஈரற் கலத்தினுட் சென்று மறைகின்றது. அங்கே அது இரண்டாக மாத்திரம் பிளப்பதில்லை. அதன் கரு பலமுறை பிரிந்து, பின்னர் உடல் முழுவதும் ஒரேயடியாகச் சிதறி, ஆயிரக்கணக்கான சிறு கலங்களாகின்றது. இது பல்கூற்றுப் பிளவு. அவை குருதியை அடைந்து, ஒவ்வொன்றும் ஒரு செங்குழியத்தினுட் புகுந்து மீண்டும் பிளக்கின்றன. ஏறத்தாழ 48 மணி நேரத்துக்கு ஒருமுறை செங்குழியங்கள் ஒருங்கே வெடிக்க, நோயாளிக்குக் குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் வருகின்றன. ஒன்றைவிட்டொரு நாள் வரும் காய்ச்சலென்று நம் முன்னோர் கண்டறிந்தது, உண்மையில் அவ்வொட்டுண்ணியின் பிளவு மணியோசையே. ஒரு பிளவில் ஒன்று பதினாறாகும் என்றும் எதுவும் மடியவில்லை என்றும் கொண்டால், எட்டு நாளில் ஒன்று 65,536 ஆகும். உடலின் காவற் கலங்கள் பலவற்றை அழிப்பதனாலேயே நோயாளி பிழைக்கின்றார்.

இப்பெருக்கத்தின் கொடுமையை இலங்கை 1934ஆம், 1935ஆம் ஆண்டுகளிற் கண்டது. அக்கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். பின்னர் டீ.டீ.ரீ. தெளித்து நுளம்பை ஒடுக்கியதனால் 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் நோயாளர் தொகை 17 ஆகக் குறைந்தது. வென்றுவிட்டோம் என்று கண்காணிப்புத் தளர்ந்தது; 1969ஆம் ஆண்டில் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. பதினேழிலிருந்து ஐந்து இலட்சம்! எஞ்சிய சிறிதைப் பொருட்படுத்தாதவர்க்கு இலிங்கமில் இனப்பெருக்கம் கற்பித்த பாடம் இது. நெடுங்கால உழைப்பின்பின் 2012ஆம் ஆண்டோடு உள்நாட்டில் தொற்றும் மலேரியா நின்றது. 2016ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. ஆயினும் நோயைக் காவும் நுளம்பு நம்மிடையே இருக்கவே செய்கின்றது. மலேரியா உள்ள நாடுகளிலிருந்து மீள்பவர் காய்ச்சல் கண்டால் காலந்தாழ்த்தாது குருதியைச் சோதிப்பித்தல் தமக்கு மாத்திரமன்றி ஊருக்கும் செய்யும் கடமையாகும்.

இவ்வொட்டுண்ணி நம் உடலிற் பெருகுவது துணையின்றி; நுளம்பின் வயிற்றிலோ ஆண் கலமும் பெண் கலமும் சேர்ந்து பெருகுகின்றது. இத்துணை விரைவான முறை கையிலிருக்க, சுற்றிவளைத்து மற்றைய முறையையும் அது நாடுவதேன்? விடை நாம் முன்னரே கண்டதாம். படிகள் எத்தனை கோடியாயினும் அவற்றின் வலிமையும் ஒன்றே, குறையும் ஒன்றே. சேர்க்கையிற் பிறப்பனவோ புதிய புதிய கலவைகள். அவற்றுட் சில புதிய இடர்களைத் தாங்கும். பல உயிர்கள் உணவு நிறைந்த நாளில் துணையின்றிப் பெருகி, இடர் சூழ்ந்த நாளில் இலிங்கமுறையை நாடுவதும் இதனாலேயே. மதுவமும் ஐதராவும் அவ்வியல்பின.

துணையின்றிப் பெருகுவன ஒருபோதும் மாறுவதில்லை என்றும் எண்ணிவிடலாகாது. படியெடுக்கும்போது அரிதாகப் பிழை நேர்வதுண்டு. இதனை விகாரம் என்பர். கோடியில் ஒருமுறை நேரும் பிழையும், கோடிக்கணக்கிற் பெருகும் உயிரிடத்தே நாள்தோறும் நேரக்கூடும். பற்றீரியா தம்முள் பரம்பரைப் பொருளைக் கைமாற்றிக்கொள்வதும் உண்டு. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை வேண்டாத நோய்க்கு உண்பதும், தானே அளவை மாற்றி உண்பதும் இதனாலேயே தீதாகின்றன. மருந்துக்குத் தப்பவல்ல விகாரமடைந்த பற்றீரியா ஒன்று எஞ்சினாற் போதும். மற்றையவை மாண்ட வெற்றிடத்தை அது தன் படிகளால் நிரப்பிவிடும். அதன்பின் அம்மருந்து அந்நோயாளிக்கு மாத்திரமன்றி, அப்பற்றீரியா தொற்றும் அயலார்க்கும் பயன்படாது போகும்.

மீண்டும் வினாயகபுரத்து அடுக்களைக்கு வருவோம். ஒரு கரண்டி உறையிலே நாம் கண்டது நன்மை தரும் பெருக்கம். செம்மஞ்சட் பொடியிலே கண்டது பாழாக்கும் பெருக்கம். இரண்டையும் இயக்கும் விதி ஒன்றே. அவ்விதியை அறிந்தவர் உறையைத் தூய்மையாகப் பேணுவர். களையை முறித்து நீரில் எறியார். ஒரே பயிரை ஊர் முழுவதும் நட்டு நம்பியிரார். மருந்தை மருத்துவர் சொன்ன வண்ணம் உண்பர். அறிவியலை ஏட்டிற் கற்று அடுக்களையிலும் வயலிலும் பயன்கொள்வதே கற்றதன் பயன்.

இவ்விழாக் காலத்தில் நம் கல்லூரியை நினைக்கும்போதும் இதுவே நம் உள்ளத்தில் எழுகின்றது. ஆசிரியரின் சொல்லை அப்படியே ஒப்புவிக்கும் மாணவரைக் கூட்டங்கூட்டமாக ஆக்குதல் எளிது. அஃது இருகூற்றுப் பிளவு போல்வது. கோவிலூரிலும் பள்ளிவாசலூரிலும் கடலோரத்திலும் வயலோரத்திலும் இருந்து வந்தவர் ஓரிடத்தமர்ந்து, ஒருவர் கருத்தை மற்றவர் கேட்டு, தம் ஆசிரியரையும் விஞ்சிய புதியராக வெளியேறுதல் அரிது. அவ்வரிய பணியை நம் கல்லூரி இனிவரும் தலைமுறைகளிலும் தொடர்ந்து ஆற்றுமாறு வாழ்த்தி அமைகின்றோம்.